சாட்சிக் கையெழுத்து

வக்கீல் ராஜேஸ்வரியின் அறையில் மின்விசிறி மனுத்தாள்களின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. தையல்காரர் யோகராசா இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறார். அவர் நல்லவர் என்று சாட்சிக் கையெழுத்துப் போட, பக்கத்துக் கடை முத்துமணி அண்ணாச்சி கடையை அடைத்துவிட்டு வந்திருக்கிறார். கண்ணாடியைத் துடைத்து மாட்டி, வரிவரியாக விரலை நகர்த்தி வாசிக்கிறார். ‘பிறந்த ஊர்: கிளிநொச்சி, இலங்கை’ என்ற இடத்தில் விரல் நின்றுவிடுகிறது. “சொந்த ஊரு ராயகிரின்னுல்லா சொன்னீரு?” யோகராசா கழுத்தில் கழற்ற மறந்த டேப்பை விரலில் சுற்றுகிறார். “வந்த புதுசுல பயந்து சொன்னது அண்ணாச்சி. இருவத்தாறு வருசமா மாத்த முடியல.” ஜன்னல் வெயில் மேசையில் கிடக்கும் முத்திரையின் பித்தளைக் குமிழில் பட்டுக் கண் கூசுகிறது. அண்ணாச்சி கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் நிமிர்கிறார். “பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் அவங்கவங்க பூர்வீக ஊருல இருக்க குலசாஸ்தா கோயிலுக்குப் போவோம். நீரும் வருசா வருசம் பஸ் ஏறுனீரே, வே. எங்க போனீரு?” “கடையநல்லூர் பஸ் ஸ்டாண்டுல சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டு வருவேன்.” “அப்போ எனக்குக் கொண்டாந்து தந்த திருநீறு?” டேப் இறுகி விரல்நுனி வெளுக்கிறது. “அங்கன கடையில வாங்குன பாக்கெட்டு அண்ணாச்சி.” வக்கீல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். யோகராசாவுக்கு நல்லபடியா முடியணும் என்று காலையில் அண்ணாச்சி பூசிவந்த அந்தத் திருநீறு, வியர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்குகிறது. அவர் அதைத் துடைக்கவில்லை.