அல்ஃபாமாவின் கடைசி ஜன்னல்

"போங்கடா அந்தப் பக்கம்! இதென்ன வீடா, மிருகக்காட்சி சாலையா?"

முதல் மாடி ஜன்னலிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் சளாரென்று வந்து விழுந்தது. சுற்றுலாக் கூட்டம் அலறிக்கொண்டு ஒதுங்கியது. ஒதுங்கிய வேகத்திலேயே அத்தனை பேரும் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

"இவங்கதான் டோனா ஜெனோவேவா," என்றான் வழிகாட்டி டியோகோ. "வயசு எண்பத்தொண்ணு. இந்த அல்ஃபாமாத் தெருவுல மத்த வீடெல்லாம் டூரிஸ்ட் ரூமா மாறிடுச்சு. இந்த ஜன்னல் மட்டும் அப்படியே இருக்கு. வாங்க, அடுத்து தேவாலயம்."

இல்டா மட்டும் போனை எடுக்கவில்லை.

இல்டா லிஸ்பனுக்கு வடக்கே இருக்கும் போர்ட்டோ ஊர்க்காரி. முப்பத்தெட்டு வருஷமாகக் குடியிருக்கும் ஆற்றங்கரை வீட்டை ஏதோ ஒரு கம்பெனி வாங்கிவிட்டது. காலி செய்ய சம்மதம் என்று திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். "ரெண்டு நாள் லிஸ்பனைச் சுத்திப் பார்த்துட்டு வாம்மா, மனசு லேசாகும்" என்று மகன் ருபென் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பியிருந்தான். அந்தக் காகிதமும் கைப்பையில் கூடவே வந்திருந்தது. மனசு எங்கே லேசாவது!

கூட்டம் நகர்ந்த பிறகும் அவள் ஜன்னலுக்குக் கீழேயே நின்றாள்.

"அம்மா, உங்களையும் காலி பண்ணச் சொன்னாங்களா?"

"சொல்லாம விடுவானுங்களா? நான் பொறந்ததே இந்த ஜன்னலுக்குப் பின்னால இருக்கற ரூம்லதான். என்னைப் பொணமாத்தான் தூக்கிட்டுப் போகணும்னு அவனுங்க மூஞ்சிக்கு நேரா சொன்னேன்." கிழவி எட்டிப் பார்த்தாள். "நீ எந்த ஊரு? பேச்சு வடக்குப் பக்கம் மாதிரி இருக்கு."

"போர்ட்டோ."

"அதானே பார்த்தேன்! மாட்டுக்குடல் தின்னி!"

"நீங்க மட்டும் என்னவாம்? இலைதழை தின்னிங்க!"

இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரையொருவர் சீண்டும் பழைய பட்டப்பெயர்கள் அவை. இரண்டு பேரும் சிரித்தார்கள். இல்டா வாய்விட்டுச் சிரித்து ஒரு மாதமாகியிருந்தது.

ஜன்னலுக்குக் கீழே கொடியில் இரண்டு படுக்கை விரிப்புகள் தொங்கின. காலையில் பெய்த மழையில் தெருக்கல் இன்னும் காயவில்லை. விரிப்புகளிலோ சொட்டு ஈரமில்லை, இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. காயப்போடுகிற துணிக்கு இஸ்திரியா! இந்த லிஸ்பன்காரிகளே இப்படித்தான், நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் விளக்குமாற்றுக்கும் பவுடர் பூசுவார்கள் என்று இல்டா மனசுக்குள் நொடித்துக்கொண்டாள்.

தேவாலயத்துக்கு அவள் போகவில்லை. முச்சந்தியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மகனுக்குப் போன் போட்டாள்.

"ருபென், நான் கையெழுத்துப் போடப்போறதில்ல."

"அம்மா, உனக்கென்ன ஆச்சு? திங்கட்கிழமை தாண்டினா அவங்க தர்றேன்னு சொன்ன மாத்து வீடும் போயிடும். அப்புறம் நடுத்தெருதான்!"

"போனா போகட்டும்டா. இங்க எண்பத்தொரு வயசுக் கிழவி ஒத்தையா நின்னு எல்லாரையும் ஓட ஓட விரட்டறா. எனக்கு அறுபத்துமூணுதானே ஆகுது? எனக்கு மட்டும் கை கால் இல்லையா?"

அவன் கத்தக் கத்தப் போனை வைத்தாள். கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்து, அதை எட்டாகக் கிழித்து, குப்பைத்தொட்டியில் போட்டாள். அப்பாடா என்றிருந்தது. சும்மா ஊருக்குத் திரும்ப மனசு வரவில்லை. திருவிழாவுக்கென்று தெருவோரம் விற்ற துளசித் தொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு மறுபடி அந்தத் தெருவுக்கே நடந்தாள்.

மணி ஆறு. வெயில் இன்னும் சுள்ளென்று அடித்தது, ஆனால் கொடியில் துணியில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. ஜெனோவேவா கோட்டு மாட்டிக்கொண்டு, தோளில் பையோடு வாசல் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! இது உங்களுக்குத்தான்." இல்டா தொட்டியை நீட்டினாள்.

கிழவி முகம் மலர்ந்து, செடியை உள்ளங்கையால் தடவி, கையை மோந்து பார்த்தாள். "எனக்கெதுக்குடி இதெல்லாம்?"

"உங்க பேச்சைக் கேட்டப்புறம்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு. என் வீட்டையும் காலி பண்ணச் சொல்லி ஒரு காகிதம் குடுத்திருந்தாங்க. இப்பத்தான் அதைக் கிழிச்சுப் போட்டேன். நானும் உங்களை மாதிரியே நகரப்போறதில்ல!"

கிழவியின் முகம் செத்துப்போயிற்று. "கிழிச்சுட்டியா? என்னைப் பார்த்தா?"

"ஆமா. பொணமாத்தான் போவேன்னு சொன்னேன்னீங்களே!"

"சொன்னேன்தான். அது நாலு வருஷத்துக்கு முன்னால." மற்ற டூரிஸ்ட் ரூம்களில் இருப்பது போலவே வாசலோரம் மாட்டியிருந்த எண்பூட்டுச் சாவிப் பெட்டிக்குள் சாவியைப் போட்டு மூடினாள் கிழவி. துளசித் தொட்டியை இல்டாவின் கையிலேயே திருப்பி வைத்தாள். "அக்கரைக்குப் போற ஆறரைப் படகை விட்டா வீடு போய்ச் சேர எட்டாயிடும். நான் வர்றேன்."

"வீடா? அப்போ இது?"

ஜெனோவேவா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஜன்னல்ல உக்காந்து திட்டறதுக்கு இந்த வீட்டை வாங்கினவங்க எனக்குச் சம்பளம் தர்றாங்கம்மா."