நடுப்பல்

டைக்கோடஸ் என்ற சுறாவின் உடம்பில் எலும்பு கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. அது கரைந்துபோய் ஒன்பது கோடி ஆண்டுகள் ஆகின்றன. மிஞ்சியவை சிப்பிகளை நொறுக்கிய தட்டைப் பற்கள்தான். சுண்ணாம்புச் சுரங்கத்தில் மூன்று ஆண்டுகள் அலைந்து, மகிழினி ஒரு கீழ்த்தாடை வரிசையைச் சேர்த்துவிட்டாள். நடுப்பல் ஒன்றுதான் குறை. அது இல்லாமல் ஆய்வேடு நிறைவடையாது.

இன்று அதைப் பார்த்துவிட்டாள். கல் சுமக்கும் அஞ்சலையின் குழந்தை தூளியில் கிடந்து அதைக் கடித்துக்கொண்டிருந்தது.

"ஈறு நமநமன்னு ஒரே அழுக. இந்தக் கல்லக் குடுத்தப்புறந்தான் எனக்கு வேலையே ஓடுது" என்றாள் அஞ்சலை.

"அது எனக்கு வேணுமே, அக்கா."

"ஊர்ல உள்ள கல்லெல்லாம் பொறுக்குனது போதாதா ஒனக்கு? அவகிட்டயே கேளு. குடுத்தா எடுத்துக்க."

கூடையோடு அவள் நடந்தாள். மகிழினி தூளியருகே மண்டியிட்டுக் கெஞ்சினாள், சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினாள். குழந்தை மசியவில்லை. கடைசியில் விரலை வாய்க்குள் விட்டு மெல்ல நெம்பினாள். கல் நழுவித் தூளிக்குள் விழுந்தது. எடுப்பதற்குள் குழந்தை விரலைக் கவ்விக்கொண்டது. கீழ் ஈற்றின் நடுவிலிருந்து ஏதோ சுருக்கென்று குத்தியது. அரிசி நுனி அளவுதான் இருக்கும்.

"என்னா, குடுத்துட்டாளா?" என்று தூரத்திலிருந்து கேட்டாள் அஞ்சலை.

"அக்கா, கூடைய எறக்கி வெச்சுட்டு ஓடி வாங்க" என்றாள் மகிழினி, விரலை எடுக்காமலே.