கரடி மோந்து பார்த்த சிங்கிள் மால்ட்

குளத்தில் தங்க இடம் கேட்டு வந்த ஸ்காட்லாந்து வாத்து, குளத்துக்கு அதிகாரியான கரடிக்கு ஒரு பாட்டில் சிங்கிள் மால்ட் விஸ்கி, அசல் ஸ்காட்ச், கொண்டுவந்தது. ஸ்காட்ச் என்று கரடி இத்தனை வருஷம் ரசித்ததெல்லாம், பழைய சீமைப் பாட்டிலில் அதன் எடுபிடி நரி ஊற்றிக் கொடுத்த வெல்லச் சாராயம். அது கரடிக்குத் தெரியாது.

கரடி மோந்து பார்த்தது. ஒரு சொட்டு நாக்கில் விட்டதும் முகம் சுருங்கியது.

"என்னய்யா, ஈர விறகு புகைஞ்ச மாதிரி இருக்கு? இனிப்பையே காணோம்?"

"எங்க ஊர்ல சதுப்பு மண்ணை எரிச்சு, அந்தப் புகையிலதான் விஸ்கிக்கான பார்லியைக் காயவைப்போம், ஐயா."

"கேட்டியா நரி, இவன் கதையை! எங்கிட்டயே கலப்படமா? இடத்தைக் காலி பண்ணுய்யா!"

வாத்து பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. நரி பின்னாலேயே ஓடிவந்து காதோடு சொன்னது:

"அண்ணே, சரக்கைக் கொட்டிட்டு பாட்டிலை மட்டும் குடுத்துட்டுப் போங்க. என்னோடதுல லேபிள் கிழிஞ்சுபோச்சு."