சீனி முந்நூற்றுப் பத்து

“முந்நூற்றுப் பத்து! என்ன சாப்பிட்டனீங்கள், அப்பா?”

“ஒண்டும் சாப்பிடேல்லைப் பிள்ளை.”

சிவாஜினிக்குச் சண்டை பிடிக்கவும் தெம்பில்லை. மீன் ஏற்றுமதிக் கம்பனியின் ஆய்வுகூடத்தில், பழுதான சூரை மீனைக் காட்டிக் கொடுக்கும் உணரிகளோடு பகல் முழுவதும் நின்று களைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய கையோடு தகப்பனின் விரலில் குத்தி இரத்தச் சீனி பார்த்தால், இப்படி.

“பொய் சொல்லாதேங்கோ. படகு ஜெட்டியடிக் கடையிலை நீங்கள் சீனி வாங்கினதை இவர் கண்டவர்.”

அவள் கணவன் ரஜீவன் கதிரையில் சாய்ந்தபடி சிரித்தான்.

“வாங்கினது மட்டுமோ? சீனிச் சுருளைப் பிரிச்சுக்கொண்டு மாமா ஓடின ஓட்டத்தை நீர் பாத்திருக்க வேணும். சின்னப் பிள்ளையள் தோத்துப் போகும்.”



“காலிலை புண் வந்தால் ஆர் அப்பா மருந்து கட்டுறது? எனக்கு இனி ஏலாது.”

சீனி முந்நூற்றைத் தாண்டினால் இன்சுலினைக் கூட்டச் சொல்லியிருந்தார் கிளினிக் டொக்டர். சிவாஜினி அளவைக் கூட்டியே ஊசியில் மருந்தை நிரப்பினாள்.

தகப்பன் இரத்தினசிங்கம் கையை இழுத்துக்கொண்டார்.

“பொறு பிள்ளை. கையைக் கழுவிப்போட்டு வாறன். இன்னொருக்காப் பார்.”

“கருவி பொய் சொல்லாது அப்பா. மனிசர்தான் சொல்லுவினம்.”

“ஒருக்காப் பார்.”

சவர்க்காரம் போட்டுக் கழுவி வந்தார். வேறு விரல், கருவியில் புதிய சோதனைப் பட்டி.

நூற்று இருபத்தெட்டு.

சிவாஜினி ஊசியைத் தள்ளி வைத்தாள். விரலில் ஒட்டியிருந்த சீனி இரத்தத் துளியில் கரைந்திருக்கிறது. உள்ளிருந்து வந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று பட்டிக்குத் தெரியாது. கழுவாத விரலில் குத்தக் கூடாதென்று ஊருக்கே சொல்லுகிறவள் அவள். அந்த ஊசி ஏறியிருந்தால், விடியும்போது அப்பா எழும்பியிருக்கமாட்டார்.

“அப்ப அந்தச் சீனி?”

“கொட்டுண்டு போச்சு.”

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். மீன் வியாபாரி முத்தலிப்பின் மனைவி அஸ்மியா, கையில் நோன்புக் கஞ்சிப் பாத்திரத்தோடு நின்றாள்.

“ஐயா, நீங்க இல்லாட்டி எங்கட ஆள் இண்டைக்கு மவுத்துத்தான். சீனி வருத்தத்தோட நோன்பு வேணாமெண்டு டொக்டர் சொல்லியும் கேக்கல்ல. நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கக்குள்ள ஜெட்டியில மயங்கி விழுந்தவர, நீங்கதான் எழுப்பிக் கூட்டி வந்தீங்களாம்.”

“இப்ப எப்பிடி இருக்கிறான்?”

“மருந்தெடுக்கப் போயிருக்கார். இனி டொக்டர் சொல்றபடிதான் நடப்பாராம். ஆனா ஒண்டு ஐயா, விழுந்தும் இண்டைய நோன்ப விடல்லயாம். பிள்ளையளுக்கு அதச் சொல்லிச் சொல்லிப் பெருமப்படுறேன். மெய்தானே ஐயா?”

சற்று முன் சீனி ஒட்டியிருந்த தகப்பனின் விரல்களைச் சிவாஜினி பார்த்தாள்.

“மெய்தான் மகள்,” என்றார் இரத்தினசிங்கம். “முகத்திலை தெளிச்ச தண்ணிகூட அவன்ர உதட்டிலை படேல்லை.”