அம்மா போட்ட முடிச்சு

ஆக்லாந்து விமான நிலையத்தில் இறங்கியதும் கழிப்பறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு லெசியெலி இடுப்பிலிருந்த பாயை அவிழ்த்தாள்.

அவிழ்ப்பதற்குள் ஒரு நகம் பிய்ந்தது. அம்மா போட்ட முடிச்சு அப்படி.

"அப்பா முகத்தைப் பாக்குற வரைக்கும் இதை அவுக்காத. எனக்குத்தான் விசா குடுக்கல. எனக்குப் பதிலா இதாவது போகட்டும்." காலையில் டோங்கா தீவில் விமானம் ஏறுமுன் அம்மா இப்படிச் சொல்லித்தான் கட்டிவிட்டாள்.

பத்தொன்பது வயதில் முதல் விமானப் பயணம். அதுவும் தனியாக, ஆக்லாந்தில் செத்துப்போன அப்பாவின் இழவுக்கு. வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் விசா வந்திருந்தது.

டோங்காவில் இழவு என்றால் இடுப்பில் பாய் கட்டவேண்டும். அது என்ன புதுப்பாயா? செத்தவருக்கு மகள் என்றால் பாய் மார்பு வரை ஏறவேண்டும், நைந்து கிழிந்து தொங்கவேண்டும். தலையும் சீவக்கூடாது. அந்தக் கோலத்தில் ஊரில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நின்று தலை குனிவார்கள்.

விமானத்தில் ஒருவரும் குனியவில்லை.

இருக்கைக்குள் பாய் அடங்கவில்லை. பெல்ட்டும் எட்டவில்லை. அம்மா அதை எந்த மூலையிலிருந்து எடுத்தாளோ, சுருட்டி வைத்தே நைந்துபோன பழம்பாய். ஓரத்தில் சாயம் போன சிவப்புக் கம்பளி நூல் நாலைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து இருக்கையில் அவள் வயதுப் பெண் ஒருத்தி, திமிங்கிலம் பார்க்க டோங்கா வந்துவிட்டு ஆக்லாந்து திரும்புகிறவள். பாயை முழங்கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"எங்க வீட்டு நாய் இந்த மாதிரி ஒண்ணுலதான் படுக்கும்" என்று சிரித்தாள். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

லெசியெலியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அப்பா செத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

இப்போது அந்தப் பாயை நாலாக மடித்துப் பார்த்தாள். பைக்குள் போகவில்லை. சுருட்டிக் கட்டி, குப்பைத்தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கவைத்தாள். எறியவில்லையே, நிறுத்தித்தானே வைத்தோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனசு என்ன, சொன்னதும் கேட்கிற பிள்ளையா?

கண்ணாடி முன்னால் ஈரக்கையால் சிக்குத் தலையை ஒதுக்கி ரப்பர் பேண்டு போட்டாள். வெறும் கறுப்புக் கவுன். யாரோ ஆக்லாந்துக்காரி மாதிரி இருந்தாள். நடந்தபோது இடுப்பு லேசாக இருந்தது. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது, என்னத்தைச் சொல்ல.

பெட்டிகள் சுற்றி வரும் இடத்தில் திமிங்கிலக்காரி கையை ஆட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"அப்பாடா, இப்பதான் நல்லாருக்க!"

லெசியெலிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்த நேரம் பார்த்துத்தான் கழிப்பறை வாசலைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு வேலைக்காரம்மா, நீலச் சட்டை, ஐம்பது வயதிருக்கும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவளிடம் வந்தாள். சுருட்டிய பாயை, தூங்குகிற பிள்ளையைப் போல் இரண்டு கையிலும் ஏந்தியிருந்தாள்.

"கண்ணு, இது உன்னுதா?" கேட்டது டோங்கா மொழியில்.

லெசியெலி பாயைப் பார்த்தாள். திமிங்கிலக்காரியைப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள். அதையும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

அந்த அம்மா கறுப்புக் கவுனைப் பார்த்தாள், ரப்பர் பேண்டுக்குள் அடங்காத தலையைப் பார்த்தாள். பாயோடு திரும்பிப் போய்விட்டாள்.

வெளிவாசலில் முதல் ஆளாக அப்பாவின் அக்கா சலோமே அத்தை நின்றாள். பின்னால் பத்திருபது சொந்தக்காரர்கள். எல்லோர் இடுப்பிலும் பாய். அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுத அத்தை, சட்டென்று விலகி அவள் இடுப்பைத் தடவிப் பார்த்தாள்.

"பாய் எங்கடி?"

"சோதனை பண்றவங்க புடுங்கிக்கிட்டாங்க அத்தை."

அந்தப் பொய் எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியாது.

"ஐயோ, அது உங்கப்பன் கல்யாணப் பாய்டி! ஓரத்துச் சிவப்பு நூல் நான் கோத்தது. அவன் இங்க வேலைக்கு வந்து பதினோரு வருஷம், உங்கம்மா அதை விரிக்கவே இல்ல. அவர் வந்தாத்தான் விரிப்பேன்னுட்டா. அதுல படுக்க வெச்சு அனுப்புங்கன்னு நேத்து போன்ல கெஞ்சினாளே!" அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

லெசியெலிக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. சித்தப்பா ஒருவர், "எவன்டா எங்க பாயைப் புடுங்கினவன்?" என்று கதவுப் பக்கம் பாய்ந்தார்.

கதவு திறந்தது. நீலச் சட்டை அம்மா வந்தாள். கையில் பாய், அதன் மூலையில் சோதனை முடிந்ததற்கு ஒட்டிய சீட்டு. சித்தப்பா போட்ட சத்தம் அவள் காதில் விழாமல் இருந்திருக்காது.

"பூச்சி கீச்சி இருக்கான்னு பாக்க வாங்கினாங்கம்மா. ஒண்ணுமில்லன்னு குடுத்துட்டாங்க" என்றாள் அத்தையிடம்.

பிறகு லெசியெலியின் முன்னால் மண்டியிட்டாள். பாயைப் பிரித்து மார்பு வரை ஏற்றிச் சுற்றினாள், கயிற்றை இழுத்து முடிந்தாள். ஒரு தடவைகூட அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இறுக்குதா கண்ணு?"

"இல்ல" என்றாள் லெசியெலி. இந்தமுறை டோங்கா மொழியில்தான் சொன்னாள். "இன்னும் இறுக்குங்கம்மா."