இறுக்காத கிளாம்ப்

“அத்தா, சுரேஷ் மாமாவுக்கு ஒரு தேங்க்ஸ் சொன்னா உங்க சண்டை முடிஞ்சிடுமா?”

ஆறு வருஷத்துக்கு முன்னால், நெற்றியில் தையலோடு படுத்துக்கொண்டு ஆலியா கேட்ட கேள்வி அது. பள்ளி விட்டு வந்தவளை ஒரு பைக் இடித்துத் தள்ளியபோது, அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் எதிர் ஷெட் சுரேஷ்குமார். அவள் அத்தா கியாசுதீன் அந்த நேரம் முக்கொம்பில் ஒரு வேனுக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

கியாசுதீன் மகளுக்குப் பதிலும் சொல்லவில்லை, சுரேஷ்குமாருக்கு நன்றியும் சொல்லவில்லை. செய்ததை சுரேஷ்குமாரும் யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை.

எடமலைப்பட்டி புதூரில் ஒரு காலத்தில் இருவரும் ஒரே ஷெட்டில் கார் வேலை பார்த்தவர்கள். போர்டில் யார் பெயர் முதலில் என்று ஆரம்பித்த சண்டையில் கியாசுதீன் வெளியேறி, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கடை போட்டார். பழைய ஷெட்டின் சாவி ஒன்று அவரிடமே தங்கிவிட்டது. திருப்பிக் கொடுப்பதென்றால் ஒரு வார்த்தை பேச வேண்டுமே.

கியாசுதீனின் கடை வாசலுக்குத்தான் இன்று காலை அரவிந்தன் தன் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தான்.

“உங்களுக்கும் எதிர் ஷெட் சுரேஷுக்கும் ஆகாதுன்னு தெரிஞ்சுதான் பாய் இங்க வந்தேன். பச்சைமலை ஏத்தத்துல வண்டி திணறுதுன்னு சொன்னேன். பெரிய ஃப்யூயல் பம்ப் போடணும், பெட்ரோல் பிரஷருக்குப் புது ரெகுலேட்டர் போடணும்னான். நேத்து காலையில போட்டுக் குடுத்தான். அதை எடுத்துக்கிட்டு ஸ்ரீரங்கத்துக்கு வீட்டுக்குப் போறேன், காவிரிப் பாலத்து நடுவுல ஒரே பெட்ரோல் நாத்தம். திறந்து பாத்தா இன்ஜின் மேல சொட்டுது.”

அவன் காரின் பின்கதவைக் காட்டினான். “பின்னாடி சீட்ல என் பொண்ணு தூங்கிட்டிருந்தா பாய்.”

கியாசுதீன் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

அரவிந்தன் போனை உயர்த்தி வீடியோ எடுக்கத் தொடங்கினான். “என்ன தப்புன்னு நீங்க உங்க வாயால சொல்லுங்க. ஊர் பூரா அனுப்பறேன். நாளைக்கு ஒரு வண்டி அந்த ஷெட்டுக்குள்ள போகக் கூடாது.”

எதிர்ப்பக்கம் சுரேஷ்குமார் தன் ஷெட் வாசலில் நின்றிருந்தார். மூன்று வாரத்துக்கு முன் வழுக்கி விழுந்ததில் உடைந்த வலது கை, மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கியது.

“பாருங்க பாய், கல்லு மாதிரி நிக்கிறான். ஏன் இப்படிப் பண்ணேன்னு கேட்டா, ‘என் ஷெட்டு, என் பொறுப்பு’ங்கறான். அதுக்கு மேல வாயே திறக்கல.”

டீக்கடை சின்னையா கிளாஸைக் கழுவியபடியே குரல் கொடுத்தார். “ஏப்பா சுரேஷு, கட்டு கைக்கு மட்டும்தானா, கண்ணுக்கும் சேத்துப் போட்டாங்களா?”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

கியாசுதீன் பானெட்டைத் தூக்கினார். தேடவே வேண்டியிருக்கவில்லை. ரெகுலேட்டரிலிருந்து பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரப்பர் ஓஸை இறுக்கிப் பிடிக்க வேண்டிய கிளாம்ப், இரண்டு விரலால் தொட்டதும் சுற்றியது.

“அறிவு கெட்டவன்,” என்றார்.

அரவிந்தன் போனை இன்னும் கிட்டே கொண்டுபோனான். “யாரு பாய்? நல்லா சத்தமா சொல்லுங்க.”

“இதை மாட்டினவன். பம்ப்பைப் பெருசா போட்டா பெட்ரோல் என்ன வேகத்துல வரும்னு தெரிய வேணாம்? கிளாம்ப்பை இறுக்காம விட்டிருக்கான். ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாத்திருந்தா கண்ணுல பட்டிருக்கும். புள்ள உக்கார்ற வண்டி இது. இவனெல்லாம் ஸ்பானரைத் தொடவே கூடாது.”

ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து சுரேஷ்குமார் வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டினார்.

“இப்பக் கெஞ்சறான் பாருங்க,” என்றான் அரவிந்தன்.

கியாசுதீன் பானெட்டுக்குள் குனிந்தார். கிளாம்ப்பை மாற்றி இறுக்கினார். சிந்தியிருந்த பெட்ரோலைத் துடைத்து எடுத்தார். பிரஷர் கேஜை மாட்டி, இன்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட்டார். முள் அசையாமல் நின்றது. ஒரு சொட்டும் இல்லை.

“இனி பயமில்ல தம்பி. பாப்பாவை ஏத்திக்கிட்டுப் போகலாம்.”

“வண்டி சரியாயிடுச்சு. எனக்குப் பேர் வேணும் பாய். மாட்டினவன் பேரை வீடியோவுல சொல்லுங்க.”

கியாசுதீன் கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய சாவியை எடுத்து பானெட்டின் மேல் வைத்தார்.

“ஒத்தைக் கையால ஃப்யூயல் பம்ப் மாட்ட முடியுமா தம்பி? மூணு வாரமா விடியக்காலைத் தொழுகை முடிஞ்சதும், ஊர் முழிக்கிறதுக்கு முன்னாடி, அந்த ஷெட்டைத் திறந்து சுரேஷ் நோட்டுல எழுதி வெச்சிருக்கற வேலையெல்லாம் முடிச்சு வெச்சுட்டு வர்றது வேற ஆளு. ஸ்டார்ட் பண்ணா சத்தம் கேக்கும்னு பண்ணாம விட்டுட்டான். ரெண்டு பேரும் இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசிக்கல.”

அரவிந்தனின் கை தாழ்ந்தது.

“போனை எறக்காதீங்க தம்பி. என் மூஞ்சி நல்லா விழட்டும். அந்த அறிவு கெட்டவன் நான்தான்.”