தராசு ஏறிய சீலா

"அந்த ஒரு அடிய மட்டும் பாடுனிய, இனி ஒரு பயகிட்டயும் மீன் எடுக்க மாட்டேன். சொல்லிட்டேன்!"

தருவைகுளம் கடற்கரையில் கருவாட்டு வியாபாரி வெள்ளத்துரை அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார்.

கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு அழிந்துபோய்விடக் கூடாதாம். அதைப் பதிந்து வைக்க ரேடியோக்காரர்கள் டேப் ரிக்கார்டரோடு வந்து இறங்கியிருந்தார்கள்.

வம்புக்குக் காரணமான அடி இதுதான்:

"சிவனணைஞ்சான் தராசு ஏறி - ஏலேலோ
சீலாமீனும் சாளையாச்சு - ஏலேலோ"

சிவனணைந்தபெருமாள், அண்ணாச்சியின் தாத்தா. மீன் எடுக்கும்போது கை நீளச் சீலாவை நிறுத்துவிட்டு, விரல் நீளச் சாளையின் எடையைச் சொல்வாராம்.

"செத்து எத்தன வருசமாச்சு? இன்னும் எதுக்குலே அவர இழுக்கிய?"

"வலையத்தான் இழுக்கோம் அண்ணாச்சி. அவரும் கூடவே வாராரு" என்றான் முன்பாட்டுக்காரன் ரோச்.

கயிறு பிடித்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஊரு சிரிக்கது பத்தாதுன்னு ஜில்லாவே சிரிக்கணுமோ?"

ரோச் தலையைச் சொறிந்தான்.

"அடிய எடுத்தா இழுக்க மூச்சு பிடிக்காது. பேர வேணும்னா மாத்துதேன். மந்திரமூர்த்தி அண்ணாச்சி தாத்தா தாணுலிங்கம் பேரப் போடட்டா?"

மந்திரமூர்த்தி எதிர்க்கடைக்காரர். அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்.

"போடு, போடு! அவன் சம்மதிப்பானாலே?"

"நீங்க சண்டைக்கு வருவியன்னு தெரியும். காலையிலயே கேட்டுட்டேன். 'கள்ளத் தராசுன்னு பாடினா என்னலே, எங்க தாத்தா பேரு ரேடியோவுல வருமில்லா'ன்னு அவருக்கு ஒரே சந்தோசம்."

அண்ணாச்சியின் பல் மறைந்தது.

ரேடியோக்காரர் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"ஆரம்பிக்கலாமா? யோசிச்சுப் பாடுங்க. நாளைக்கு யார் பாடினாலும் இதைக் கேட்டுத்தான் பாடுவாங்க."

அண்ணாச்சிக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டில் தாத்தாவுக்குப் படம் கிடையாது. கடைப் பலகையில் இருந்த பேரையும், நீளமாக இருக்கிறதென்று அண்ணாச்சியேதான் அழித்துவிட்டுத் தன் மகன் பேரை எழுத வைத்தார். இந்தக் கரையை விட்டால் அந்தப் பேரைச் சொல்ல வேறு வாய் இல்லை.

மெல்ல ரோச் பக்கம் ஒதுங்கினார்.

"ஏலே... பழைய பேரே கெடக்கட்டும்."

"அப்ப அந்தச் சாளை, அண்ணாச்சி?"

"சாளை என்னலே சாளை? நெத்திலின்னே பாடிக்கோ. தாத்தா பேரு மட்டும் கணீர்னு விழணும்!"